சைக்கிளுக்குப் பின்பார்வைக் கண்ணாடி: வாங்குவது, பொருத்துவது, பழகுவது

சைக்கிளில் கண்ணாடி மாட்டிய புதியவர்கள் பலர் ஒரு மாதத்துக்குள் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடுகிறது, ஒன்றும் தெரியவில்லை, என் முழங்கைதான் தெரிகிறது. இந்த மூன்று குறைகளில் ஒன்றைத்தான் சொல்வார்கள். வாங்கிப் பார்த்தால் கண்ணாடியில் பழுது இருக்காது. ஹேண்டில்பாரை அளக்காமல் வாங்கியிருப்பார்கள். அல்லது தரையில் நின்றபடி திருப்பி வைத்திருப்பார்கள். அல்லது முதல் நாளே நெரிசலுக்குள் போயிருப்பார்கள்.

நான் சென்னையில் வார நாட்களில் வேலைக்கும், ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் சைக்கிள் ஓட்டுகிறவன். கீழே உள்ள வரிசை அந்த இரண்டு ஓட்டத்திலும் பல தவறுகளுக்குப் பிறகு தேறியது. படிகளை மாற்றிப் போட்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

1. முதலில் வீட்டில் அளந்துகொள்ளுங்கள்

கடையில் நின்றுகொண்டு, "எந்தச் சைக்கிள் சார்?" என்ற கேள்விக்கு நிறத்தைச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரருக்குத் தேவை ஹேண்டில்பாரின் வடிவமும் குழாயின் அளவும்தான்.

நேர் ஹேண்டில்பார் கொண்ட கியர் சைக்கிள்களில் கைப்பிடிப் பகுதிக் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 22.2 மில்லிமீட்டர். ஆட்டுக்கடாக் கொம்பு போல் வளைந்த ரேஸ் சைக்கிள் ஹேண்டில்பாரில் அது ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். குழாயின் முனைக்குள் செருகும் கண்ணாடி வாங்குவதானால் உள்விட்டம்தான் முக்கியம். குழாயின் தடிமனைப் பொறுத்து அது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கிவிட்டு, பள்ளிக்கூட அளவுகோலைக் குறுக்கே வைத்துப் படித்தாலே போதும். கண்ணாடியின் அட்டைப் பெட்டியில் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள்.

கைப்பிடி ரப்பரின் முனை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடியிருந்தால் அதை வெட்ட வேண்டிவரும். கம்பி பிரேக் வைத்த கறுப்புச் சைக்கிளில் கைப்பிடியை ஒட்டியே பிரேக் கம்பி ஓடும். அங்கே கவ்விப் பிடிக்கும் வகைக்கு விரல் அகல இடமாவது மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள். இடமில்லாமல் பிரேக் கம்பியோடு சேர்த்து இறுக்கிய ஒருவருக்கு, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கண்ணாடி வானத்தைப் பார்த்தது.

2. வலப்பக்கம்

நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். நம்மைத் தாண்டும் வண்டிகள் வலப்பக்கமாகத் தாண்டுகின்றன. எனவே ஒரே ஒரு கண்ணாடி என்றால் அது வலக்கைப் பக்கம்தான். சொல்லவே தேவையில்லாத விஷயம்போல் தோன்றும். என் முதல் கண்ணாடியைக் கடைப் பையன் இடப்பக்கம் மாட்டிக் கொடுத்தான். நானும் இரண்டு வாரம் நடைபாதையையும் மதில்சுவர்களையும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. விற்பனைக்கு வரும் கண்ணாடிகளில் பல, வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. ஹேண்டில்பாரில் செருகும் வட்டக் கண்ணாடி எந்தப் பக்கமும் பொருந்தும். ஆனால் நீள்வட்டக் கண்ணாடிகளுக்கும் தலைக்கவசத்தில் மாட்டும் கண்ணாடிகளுக்கும் இடம், வலம் உண்டு. படத்தில் அது எந்தப் பக்கம் மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

இடப்பக்கம் இரண்டாவது கண்ணாடி வேண்டுமா? ஓரத்தில் நுழைந்து தாண்டும் இருசக்கர வண்டிகள் நம் ஊரில் குறைவில்லை. ஆனாலும் முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பேன். ஒரு கண்ணாடியைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு இரண்டு இருந்தால் இரண்டுமே அலங்காரமாகிவிடும்.

3. வகையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதல் வகை, ஹேண்டில்பாரின் முனைக்குள் செருகுவது. தண்டு குட்டையாக இருப்பதால் அதிர்வு குறைவு. கை அகலத்துக்கும் வெளியே நிற்பதால் முழங்கை மறைக்காது. குறை என்னவென்றால் சைக்கிளின் அகலம் கூடும். குறுகலான வாசல், அடுக்ககத்தின் சைக்கிள் நிறுத்துமிடம் எல்லாவற்றிலும் முதலில் இடிபடுவது இதுதான். மடக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான்.

இரண்டாவது, குழாயைச் சுற்றிக் கவ்வும் பட்டையும் நீண்ட தண்டும் கொண்டது. மொபெட் கண்ணாடியின் சின்னத் தம்பி. கவ்வ இடம் இருந்தால் எந்த ஹேண்டில்பாரிலும் மாட்டலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள்களுக்குப் பொருத்தமானது. தண்டு நீள நீள அதிர்வும் கூடும். தார்ச்சாலையில் பரவாயில்லை. சிமெண்ட் கல் பதித்த தெருவில் படம் கலங்கிவிடும்.

மூன்றாவது, தலைக்கவசத்திலோ மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியிலோ மாட்டும் சின்னஞ்சிறு கண்ணாடி. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இதில் என்ன தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹேண்டில்பாரில், கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள சமதளக் கண்ணாடி இருந்தால், 30 மீட்டர் பின்னால் ஏறக்குறைய 2 மீட்டர் அகலப் பட்டையைத்தான் அது காட்டும். ஒரு கார் முழுதாகத் தெரிந்தால் அதிகம். அதே சமதளக் கண்ணாடி 3 சென்டிமீட்டர்தான், ஆனால் கண்ணிலிருந்து 8 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றால், அதே 30 மீட்டரில் 10 மீட்டருக்குக் குறையாத அகலம் தெரியும். ஜன்னலை நெருங்கி நின்றால் தெரு முழுவதும் தெரிவது போலத்தான். தலையைச் சற்றே திருப்பினால் சாலையின் வேறு பகுதியையும் துழாவலாம்.

அப்படியானால் எல்லோரும் இதையே வாங்கலாமே? வாங்கலாம், பழகப் பொறுமை இருந்தால். கண்ணுக்கு இவ்வளவு அருகில் உள்ள பொருளைத் தாண்டி, அதில் தெரியும் தொலைவைப் பார்க்கக் கண் பழகச் சில நாட்கள் ஆகும். அதுவரை சிலருக்குத் தலை வலிக்கும். சிலருக்குக் கடைசிவரை படியாது. கண்ணருகே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, விழும்போது என்ன செய்யும் என்ற கவலையும் எனக்கு உண்டு. எளிதில் கழன்று விழும் வகையாக இருப்பது நல்லது. தலைக்கவசம் போட்டுத்தான் ஓட்டுவேன் என்ற உறுதி இல்லாதவருக்கு இது சரிவராது. தலைக்கவசத்தை வீட்டில் விட்ட அன்று கண்ணாடியும் வீட்டில்தான் இருக்கும்.

மணிக்கட்டில் வாட்ச் போலக் கட்டும் வகையும் உண்டு. ஒவ்வொரு முறையும் கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் ஹேண்டில்பாரிலிருந்து கையைத் தளர்த்தும் எந்த ஏற்பாடும் எனக்கு உவப்பில்லை.

4. சமதளமா, குவி ஆடியா?

பள்ளியில் படித்த குவி ஆடியும் சமதள ஆடியும் இங்கே கண்முன் வந்து நிற்கும். சமதள ஆடி உள்ள தொலைவை உள்ளபடி காட்டும்; பார்வைப் பரப்பு குறுகியது. குவி ஆடி பரந்த சாலையைக் காட்டும்; ஆனால் எல்லாம் சிறுத்துத் தெரியும், சிறுத்ததால் தள்ளி இருப்பதாகத் தோன்றும்.

கார்க் கண்ணாடியில் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். சைக்கிள் கண்ணாடி அளவில் சிறியது என்பதால் அதை அதிகம் வளைத்துச் செய்கிறார்கள். கண்ணிலிருந்தும் ஒரு கை தூரம் தள்ளியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து, பின்னால் வரும் லாரி, வளைவைப் பொறுத்து, உள்ளதைவிட மூன்று நான்கு மடங்கு தள்ளி வருவது போலத் தோன்றலாம். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து உங்கள் பின்னால் உள்ள கடைப் பலகையைப் பாருங்கள். தெருவே தெரிந்து, பலகையின் எழுத்து எறும்பு அளவில் இருந்தால் வளைவு அதிகம். பலகை முழுதாகத் தெரிந்து, அதன் எழுத்துகளைச் சிரமமில்லாமல் பிரித்தறிய முடிந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில்பாருக்கு மிதமான குவி ஆடி. தலைக்கவசத்துக்குச் சமதள ஆடி. என் முடிவு இதுதான். காரணம் மேலே போட்ட கணக்கு: ஹேண்டில்பாரில் சமதள ஆடி காட்டும் 2 மீட்டர் பட்டை, சைக்கிள் கொஞ்சம் வளைந்தாலும் சாலையை விட்டு விலகிவிடும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா என்பது அடுத்தது. அக்ரிலிக் லேசானது, விழுந்தால் எளிதில் உடையாது. ஆனால் சட்டைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்து மங்கிவிடும். உண்மைக் கண்ணாடி தெளிவாக இருக்கும், விழுந்தால் போயிற்று. சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைக்கிறவர் அக்ரிலிக் வாங்கட்டும். ஸ்டாண்டு போட்டு வைக்கிறவர் கண்ணாடி வாங்கட்டும்.

5. பொருத்துவது

தேவையானவை: பொருத்தமான ஆலன் கீ, அதாவது அறுகோணத் திருகுச் சாவி (பெரும்பாலும் 3, 4, 5 மில்லிமீட்டரில் ஒன்று), பிளேடு, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு, ஈரத்துணி.

முனையில் செருகும் வகை என்றால் மூடியைக் கழற்றுங்கள். கைப்பிடி ரப்பரின் முனை மூடியிருந்தால், ஹேண்டில்பாரின் விளிம்பை ஒட்டி வட்டமாக பிளேடால் வெட்டி எடுங்கள். பிளேடு உங்கள் பக்கம் வராமல் வெளிப்பக்கமாக இழுபடட்டும். குழாயின் உள்ளே இருக்கும் துருவையும் மண்ணையும் துணியால் துடையுங்கள். உள்ளே போகும் ரப்பர், திருகை முடுக்கும்போது விரிந்து குழாயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். மண் இருந்தால் பிடி வழுக்கும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் கண்ணாடி கையோடு சுற்றும். நாடா சுற்றிய வளைந்த ஹேண்டில்பாராக இருந்தால், நாடாவின் நுனியை உள்ளே மடித்து, அதன்மேல் செருகுங்கள்.

திருகை, கண்ணாடியைக் கையால் திருகிப் பார்த்தால் சுற்றாத அளவுக்கு முடுக்கி, அதோடு நிறுத்துங்கள். இங்கேதான் கை அவசரப்படும். சின்னத் திருகின் மரை நைந்துவிட்டால் மொத்தமும் வீண். கார்பன் ஹேண்டில்பார் என்றால் உள்ளிருந்து விரியும் எதையும் செருகாதீர்கள். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கவ்வும் பட்டை வகைக்கு, குழாயின் மேல் டியூப் துண்டை ஒரு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்குங்கள். கண்ணாடியோடு வரும் பிளாஸ்டிக் பட்டையைவிட இந்த ரப்பர் அதிர்வை நன்றாக வாங்கிக்கொள்ளும். குழாயில் கீறலும் விழாது. பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

கண்ணாடியின் தலை திரும்பும் மூட்டு, விரலால் அழுத்தினால் அசைய வேண்டும், வேகத்தடையில் ஏறி இறங்கினால் அசையக் கூடாது. அந்த மூட்டுக்குத் தனித் திருகு இருந்தால் இப்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

6. இருக்கையில் உட்கார்ந்து சரிசெய்யுங்கள்

இந்தப் படியைத்தான் பாதிப்பேர் தவறவிடுகிறார்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று கண்ணாடியைத் திருப்பினால், நின்றவரின் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது காட்டும். ஏறி உட்கார்ந்ததும் கண்ணின் உயரமும் இடமும் மாறிவிடுகின்றன.

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, இடக்கையின் முட்டி சுவரில் படும்படி சாய்ந்து உட்காருங்கள். அல்லது ஒருவரைப் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைகளை வழக்கமாக வைக்கும் இடத்தில் வையுங்கள். முதுகு, ஓட்டும்போது எவ்வளவு குனியுமோ அவ்வளவு குனியட்டும். சுவரில் சாய்ந்தாலும், இந்தப் படியின் பிற்பாதிக்கு உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தனியாகச் செய்தால் வேலை அரைகுறைதான்.

இப்போது இரண்டு அளவுகளைப் பாருங்கள். உட்புற விளிம்பில் உங்கள் தோளோ இடுப்போ ஒரு கீற்று மட்டும் தெரிய வேண்டும். கண்ணாடியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கீற்று இல்லையென்றால், தெரியும் வண்டி உங்களுக்கு எவ்வளவு பக்கவாட்டில் வருகிறது என்று மதிப்பிட ஓர் அடையாளம் இருக்காது. அடிவானம், அதாவது தெருவின் கோடி, கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதற்குமேல் வானம் தெரிந்து உங்களுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை.

அடுத்து, குருட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது. உடன் வந்தவரை முப்பது தப்படி பின்னால் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து, ஒரு கார் உங்களைத் தாண்டுவது போல, வலப்பக்கமாக ஒன்றரை மீட்டர் தள்ளி, மெதுவாக நடந்து முன்னால் வரட்டும். நீங்கள் தலையைத் திருப்பாமல் நேரே பாருங்கள். கண்ணை மட்டும் கண்ணாடிக்குக் கொண்டுபோங்கள். அவர் கண்ணாடியின் வெளி விளிம்பில் மறையும் கணத்தில் "நில்லுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் நிற்கும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி நடக்கட்டும். நேரே பார்க்கும் உங்கள் கண்ணின் ஓரத்தில் அவர் தென்படும்போது இரண்டாவது முறை "நில்லுங்கள்". இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் குருட்டு இடம்.

என் சைக்கிளில் அந்த இடைவெளிக்குள் ஸ்கூட்டரில் ஒருவர் சௌகரியமாகக் கூடவே வரலாம். கண்ணாடியை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் இடைவெளி சுருங்கும், முற்றிலும் போகாது. ஆகவே கண்ணாடியை எவ்வளவு திருத்தினாலும் தோளுக்குமேல் ஒரு பார்வை மிச்சம் இருக்கிறது. இதைத் தரையில் நின்ற ஒரு மனிதரை வைத்துக் கண்ணால் கண்டவர்கள் பிறகு மறப்பதில்லை. நான் வாயால் சொன்னபோது யாரும் கேட்டதில்லை.

7. ஆளில்லாத இடத்தில் பழகுங்கள்

பள்ளி மைதானம், ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் வண்டி நிறுத்துமிடம், புதிய மனைப் பிரிவின் சாலை என எது வேண்டுமானாலும் சரி.

மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் சைக்கிள் நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. கண்ணாடியை இரண்டு நொடி உற்றுப் பார்த்தால் 11 மீட்டர் தூரத்தைப் பார்க்காமல் கடந்திருக்கிறீர்கள். அந்த 11 மீட்டருக்குள் மூடியில்லாத சாக்கடைக் குழி, நாய், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எனவே பார்வை ஒரு நொடிக்குள் போய்த் திரும்ப வேண்டும்.

முதல் பயிற்சி: தரையில் உள்ள ஒரு கோட்டின் மேலேயே நேராக ஓட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் கண்ணாடிக்குக் கொண்டுபோய்த் திரும்புங்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் சைக்கிள் பார்க்கும் பக்கம் சாயும். தோளை இறுக்காமல் கையைத் தளர்வாக வைத்தால் சாய்வு குறையும். கோட்டை விட்டு விலகாமல் இருபது முறை பார்க்க முடிகிறவரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

இரண்டாவது பயிற்சி: பின்னால் நிற்பவர் ஒவ்வொரு முறையும் கையில் வேறொன்றைத் தூக்கிக் காட்டட்டும், குடை, சிவப்புத் துண்டு, வெறுங்கை என்று. ஒரு பார்வையில் பார்த்ததை உரக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்ப்பது வேறு, அதில் என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வேறு. வாய்விட்டுச் சொன்னால்தான் கண் பொய் சொல்கிறதா என்று தெரியும்.

8. தொலைவை மதிப்பிடக் கற்றுக்கொள்ளுங்கள்

குவி ஆடி வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம். வண்டிப் போக்குவரத்து அதிகமில்லாத நேரத்தில் சாலையோரம் நின்று, சைக்கிளில் உட்கார்ந்தபடியே செய்யுங்கள்.

பின்னால் ஒரு மின்கம்பத்தையோ மரத்தையோ அடையாளம் வைத்து, அதுவரை உள்ள தூரத்தைத் தப்படியால் அளந்துகொள்ளுங்கள். 50 மீட்டர் வாகாக இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள். ஒரு கார் அந்தக் கம்பத்தைக் கடக்கும்போது கண்ணாடியில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது? பயறு அளவா, புளியங்கொட்டை அளவா? அடுத்து ஒரு பஸ், அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள். பத்துப் பதினைந்து வண்டிகளைப் பார்த்தாலே கை வந்துவிடும்.

அந்த 50 மீட்டர் எவ்வளவு நேரம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, பின்னால் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இடைவெளி நொடிக்கு 11 மீட்டர் சுருங்கும். நாலரை நொடியில் கார் உங்கள் பக்கத்தில். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றே நொடி. ஒரு பள்ளத்தைச் சுற்றிப் போய்ப் பழைய இடத்துக்குத் திரும்பவே எனக்கு மூன்று நொடி ஆகிறது. ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில், என் கண்ணாடியில் வண்டி புளியங்கொட்டை ஆகிவிட்டால் நான் விலகுவதில்லை. பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அந்த வண்டியை முன்னால் போகவிட்டுப் பிறகு போகிறேன்.

9. சாலையில்: எப்போது பார்ப்பது

எட்டு நொடிக்கு ஒருமுறை, பத்து நொடிக்கு ஒருமுறை என்று எண்ணிக்கொண்டு பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. எண்ணுகிறவர் எண்ணிக்கையைத்தான் கவனிப்பார். இடம் பார்த்துப் பாருங்கள்: நேர்கோட்டை விட்டு விலக நேரும் எதுவும் முன்னால் தென்பட்ட உடனே ஒரு பார்வை.

நம் ஊரில் அதற்கு முதல் உதாரணம் நிறுத்தத்தில் நிற்கும் பஸ். தூரத்தில் பஸ்ஸின் பிரேக் விளக்கு எரிந்ததுமே கண்ணாடியைப் பாருங்கள். பஸ்ஸுக்குப் பத்தடி பின்னால் வந்து பார்த்தால் முடிவெடுக்க நேரமில்லை. பின்னால் வண்டி நெருங்கி வருகிறதென்றால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். கண்ணாடி காலியாக இருந்தால் வரிசை இது: கண்ணாடி, வலக்கைச் சைகை, தோளுக்குமேல் பார்வை, பிறகு விலகுவது. கண்ணாடி முதலில் வருவதன் காரணம், அது "போகாதே" என்று சொல்லிவிட்டால் மற்ற மூன்றும் தேவையில்லை. "போகலாம்" என்ற முடிவை மட்டும் கண்ணாடி தராது. அதைத் தோளுக்குமேல் போகும் பார்வைதான் தரும். ஸ்கூட்டர்காரர் உட்கார்ந்திருந்த அந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் கார்களின் வரிசையைத் தாண்டும்போதும், மணல் சேர்ந்த ஓரத்தை விட்டு உள்ளே வரும்போதும், ஷேர் ஆட்டோ முன்னால் ஓரம் கட்டும்போதும் இதே வரிசைதான். முட்டுக்காடு பாலம் போலக் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும் இடத்தில், பாலத்தில் ஏறும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏறிய பிறகு இரண்டு கையும் ஹேண்டில்பாருக்குத் தேவைப்படும், கண்ணும் முன்னால் தேவைப்படும்.

வண்டிச் சத்தத்தை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சார ஸ்கூட்டர்கள் பக்கத்தில் வரும்வரை சத்தம் கேட்பதில்லை. வேகமாகப் போகும்போது காதில் காற்று இரைவதில் கார் சத்தமும் அமுங்கிவிடுகிறது.

கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், வயதானவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கண்ணாடியை மட்டும் நம்பி வலப்பக்கம் திரும்ப வேண்டாம். சந்திப்பை நேராகக் கடந்து, எதிர் ஓரத்தில் இறங்கி நின்று, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, அந்தத் திசைக்குப் பச்சை விழுந்ததும் மறுபடி நேராகப் போங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இரவில் கண்ணாடி விளக்குகளை மட்டுமே காட்டும். ஒற்றை விளக்கு என்றால் மோட்டார் சைக்கிள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு விளக்கு அணைந்த லாரியாகவும் இருக்கலாம். இரண்டு விளக்கு இருந்தால் அவற்றுக்கு இடையிலான தூரம் விரிவதை வைத்து நெருக்கத்தை ஊகிக்கலாம். மழையில் துளி படிந்த கண்ணாடி எதையும் காட்டாது. விரலால் வழித்துவிட வேண்டும், அதுவும் நின்றுகொண்டு.

வெயிலுக்கும் திசை உண்டு. காலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி கூசும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, சூரியன் இடக்கைப் பக்கம் எழுகிறது. கூசும் நேரத்தில் கண்ணாடியைச் சற்றுக் கீழே தாழ்த்துங்கள். வண்டி முழுதாகத் தெரியாவிட்டாலும் அதன் சக்கரமும் நிழலும் தெரியும்.

10. கோளாறுகள்

படம் நடுங்குகிறதென்றால் முதலில் மூட்டு, பிறகு பட்டை, பிறகு டயரின் காற்று என்ற வரிசையில் பாருங்கள். டயரில் காற்று மிதமிஞ்சி இருந்தால் சாலையின் ஒவ்வொரு சரளையும் கண்ணாடிக்கு வந்து சேரும். மூன்றும் சரியாக இருந்தும் நடுங்கினால் தண்டு நீளம்; குட்டைத் தண்டு வாங்குவதைத் தவிர வழியில்லை.

தினமும் கண்ணாடி திரும்பிக் கிடந்தால் கோளாறு சைக்கிளில் இல்லை, நிறுத்துமிடத்தில். பக்கத்து வண்டியை எடுப்பவர் தட்டிவிட்டுப் போகிறார். நிறுத்தும்போது மடக்கிவிடுங்கள், சரியான கோணத்தை மூட்டின் இரு பகுதியிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் புள்ளிகளை நேர்ப்படுத்தினால் முடிந்தது. இந்த யோசனை என்னுடையது அல்ல, என் மனைவியுடையது, பாட்டிலும் அவருடையதுதான்.

கண்ணாடி உடைந்துவிட்டால் தண்டோடு சேர்த்துக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். ஹேண்டில்பாரின் முனை திறந்து கிடந்தால், விழும்போது அந்தக் குழாய் விளிம்பு தொடையிலோ வயிற்றிலோ வளையமாக வெட்டும். வாங்கிய அன்று பிடுங்கிய பிளாஸ்டிக் மூடியை எறியாமல் வைத்திருந்தால் அதைச் செருகுங்கள். எறிந்துவிட்டீர்கள் என்றால் பாட்டில் கார்க் ஒன்றைச் சீவி, அடித்து இறக்கிவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.